பார்வைக்கு வழிவிடும் வளைவு

மகில் இடுக்கியை மேசையில் வைத்தால் கோணலாகத்தான் கிடக்கும். கத்தரிக்கோலுக்கு இருப்பதுபோல் இரண்டு விரல்வளையங்கள், நடுவே ஒரு மூட்டு, அதைத் தாண்டி நீளும் இரண்டு கைகள். அந்தக் கைகள் பிடியின் நேர்கோட்டில் போவதில்லை. மூட்டருகே ஒருபக்கமாக ஒடிந்து, பிறகு மெல்ல வளைந்து, நுனியில் உள்கூடான நீள்வட்ட வளையங்களாக முடிகின்றன. வளையங்களின் உள்முகத்தில் வழுக்காமல் பிடிக்க நுண்ணிய பற்கள் உண்டு. கையில் எடுத்ததும் அந்தக் கோணலின் காரணம் விளங்கிவிடும். பிடித்த கை வலப்பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறது. நுனி மட்டும் நோயாளியின் வாய்க்குள் இறங்குகிறது. கைக்கும் நுனிக்கும் நடுவில் கண் போவதற்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது.

அறுவை அரங்குகளில் இதற்கு ‘மகில்ஸ்’ என்றே பெயர். பெரியவர்களுக்கானது சுமார் 25 செ.மீ. நீளம், குழந்தைகளுக்கானது சுமார் 20. பச்சிளங்குழந்தைக்கானது இன்னும் குட்டையானது, நுனி வளையமும் மெலிந்தது. அளவு மாறினாலும் வளைவு மாறுவதில்லை. மூச்சுவழியில் கருவி வைக்கும் எவருக்கும் இந்த வளைவு சொல்லித்தரும் முதல் பாடம், பார்த்த பிறகே பிடிக்க வேண்டும் என்பது.

இந்தக் கருவி முதல் உலகப்போரில் சிதைந்த முகங்களுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சிட்கப் என்ற ஊரில், 1917-இல் குவீன்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. தாடை போனவர்களும் மூக்கு போனவர்களும் அங்கே ஹரால்டு கில்லிஸ் என்ற அறுவை மருத்துவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மயக்கமருந்து கொடுப்பதே பெரும்பாடு. முகமூடி வைக்க முகம் இல்லை. முகம் இருந்தாலும் அறுவை நடக்கவேண்டிய இடமே அதுதான். அயர்லாந்துக்காரரான ஐவன் மகிலும் (1888–1986) அவருடைய தோழர் ஸ்டான்லி ரோபாதமும், மூச்சுக்குழலுக்குள்ளேயே ரப்பர் குழாயைச் செலுத்தி அதன்வழி மயக்கவாயு கொடுக்கும் முறையை அங்கே செம்மைப்படுத்தினார்கள். மூக்கின் வழியாக நுழைந்த குழாய் தொண்டையின் பின்சுவரில் முட்டி நின்றுவிடும். அதை முன்னால் தூக்கிக் குரல்வளைக்குள் திருப்பிவிட ஒரு கருவி வேண்டியிருந்தது. மகில் தன் இடுக்கியைப் பற்றிய குறிப்பை 1920-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். நூறாண்டுக்குப் பிறகும் அதன் வடிவம் பெரிதாக மாறவில்லை.

பெரியவர்களுக்காக உண்டான இந்த வளைவு பச்சிளங்குழந்தைக்கு இன்னும் அவசியமாகிறது. குழந்தையின் மூச்சுவழி பெரியவருடையதன் சின்ன நகல் அல்ல. நாக்கு வாயை அடைத்துக்கொண்டிருக்கும். குரல்வளை கழுத்தில் மேலேறி நிற்கும். அதன் மூடி, பெரியவருக்கு இருப்பதுபோல் அகன்று விறைப்பாக இராமல், குறுகிச் சுருண்டு தளர்ந்திருக்கும். பின்மண்டை பெரியது என்பதால் மல்லாக்கப் படுக்கவைத்தாலே கழுத்து மடங்கி வழி குறுகும். தோளுக்கடியில் மடித்த துணி ஒன்றை வைப்பது அதற்காகத்தான். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 4 செ.மீ. நீளம், உள்விட்டம் 4 முதல் 5 மி.மீ. குழாய் அரை சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினால் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம், அரை சென்டிமீட்டர் மேலேறினால் வெளியே வந்துவிடலாம்.

இதில் இயற்பியலின் கண்டிப்பும் சேர்ந்துகொள்கிறது. குழாயில் காற்று சீராக ஓடும்போது, ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். 4 மி.மீ. குழாயின் உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மிஞ்சுவது 2 மி.மீ. மட்டுமே, வழியின் பரப்பில் முக்கால் பங்கு போய்விடும். அதே வீக்கம் 8 மி.மீ. குழாயில் ஏற்பட்டால் தடை மூன்று மடங்கோடு நிற்கும். அதோடு, உடல் எடைக்குக் கணக்கிட்டால் பச்சிளங்குழந்தை பெரியவரைப்போல் இருமடங்குக்கு மேல் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. மூச்சு நின்றால் அதன் கையிருப்பு சட்டென்று தீர்ந்துவிடும். இடுக்கியின் நுனி உட்சுவரை ஒருமுறை கிள்ளினால் உண்டாகும் வீக்கம் பெரியவருக்கு வெறும் தொண்டைக்கரகரப்பு, குழந்தைக்கோ உயிர்ப்பிரச்சினை.

பிறந்த குழந்தைக்கு மூக்குவழியாகக் குழாய் வைக்கும்போது கருவி செய்யும் வேலையை அருகிலிருந்து பார்க்கலாம். 3 அல்லது 3.5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் ஒரு நாசித்துளைக்குள் மெல்ல நுழைகிறது. இடக்கையிலுள்ள, குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் நேரான அலகு நாக்கை ஒதுக்கி, குரல்வளை மூடியைத் தூக்குகிறது. அலகின் விளக்கொளியில் வெளிர் இளஞ்சிவப்புத் திசுவும், அதன் நடுவில் திறந்து மூடும் சின்னப் பிளவும் தெரிகின்றன. குழாயின் முனை பின்தொண்டையில் எட்டிப் பார்க்கிறது. வலக்கை இடுக்கியை வாயின் வலது ஓரமாக இறக்கி, அந்த முனையைப் பட்டும் படாமலும் பிடித்துப் பிளவை நோக்கித் தூக்கிக் காட்டுகிறது. குழாயை உள்ளே தள்ளுவது இடுக்கியின் வேலை அன்று. மூக்கின் வெளியே இருக்கும் இன்னொரு கைதான் தள்ளும், இடுக்கி திசையை மட்டும் காட்டும். தொண்டையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பு மந்தமாகும். அதனால் ஒவ்வொரு முயற்சிக்கும் நேரக்கணக்கு உண்டு. அது தீர்ந்தால் கருவிகளை வெளியே எடுத்துவிட்டு, முகமூடிவழி மூச்சுக் கொடுத்து, குழந்தை தேறிய பிறகே மறுமுயற்சி.

இப்படிக் குழாய் தேவைப்படும் குழந்தைகள் மிகச் சிலரே. பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்கக் கொஞ்சம் உதவி வேண்டும். துடைத்துச் சூடேற்றுவதும் முகமூடிவழி காற்றுக் கொடுப்பதுமே அவர்களில் பெரும்பாலோருக்குப் போதும். இந்திய அரசு 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற பயிற்சித்திட்டம் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சொல்லித்தருவது இந்த அடிப்படையைத்தான். குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துத் துவண்டு பிறந்தால், உடனே குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது ஒருகாலத்தில் கட்டாயமாக இருந்தது. அதனால் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை, முதல் மூச்சுதான் தாமதமாகிறது என்று கண்டு, 2015-இல் உலகளாவிய வழிகாட்டு நெறிகள் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டன. கருவி இருக்கிறது என்பதற்காக அதை எடுக்க வேண்டியதில்லை என்பதும் இந்தத் துறை மெல்லக் கற்றுக்கொண்ட பாடம்.

அதே பாடத்தை மும்பையின் ஒரு மருத்துவமனையிலும் காணலாம். அங்கே மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவும் நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலிலும் பலகாரத் தொழிலிலும் வேர் பிடித்தவை. அவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் சயான்தான். லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனையை அந்தப் பேர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. 60 அடி ரோட்டில் அதன் கிளையாக இயங்கும் நகர்நல மையம் மக்கள் வாயில் ‘சோட்டா சயான்’ ஆகிவிட்டது. பெரிய சயானின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு நாடறிந்த ஒரு வரலாறு உண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் அங்கேதான் தொடங்கினார். குறைமாதக் குழந்தைகள் பால்பொடியாலும் தொற்றாலும் இறந்துகொண்டிருந்த காலத்தில், தாய்ப்பாலும் தாயின் கைகளுமே முதல் மருந்து என்று அந்தப் பிரிவு நம்பியது. 1999-இல் அவர் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு அந்த நம்பிக்கையைத் தாராவியின் சந்துகளுக்குள் கொண்டுபோனது. ஒரு குழந்தைக்கும் இடுக்கி தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதும் மூச்சுவழி மருத்துவத்தில் சேர்ந்ததுதான்.

பிறப்பறையைத் தாண்டினால் இடுக்கிக்கு வேறொரு வேலை வருகிறது. ஆறேழு மாதத்தில் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. தவழ்கிறது, நடக்கிறது. கடைவாய்ப்பல் முழுதாக முளைக்க இரண்டு வயது தாண்டவேண்டும். அதுவரை முன்பற்கள் கடிக்கும், அரைக்க ஆள் இல்லை. அயல்பொருள் மூச்சுவழியில் சிக்கும் விபத்து மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம்தான் மிகுதி. இந்திய மருத்துவமனைகளின் பட்டியல்களில் திரும்பத் திரும்ப முதலிடம் பெறுவது வேர்க்கடலை. பின்னால் புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை, பாக்குத்துண்டு, கொண்டைக்கடலை, ஊக்கு, பொம்மையிலிருந்து கழன்ற சின்ன விளக்கு.

இந்தப் பொருள்கள் எல்லாம் மாஹிமிலும் தாராவியிலும் அன்றாடம் கைக்கு எட்டுபவை. கடற்கரையில் காகிதக் கூம்பில் விற்கும் வறுகடலையும், ஊருக்குப் போய் வந்தவர்கள் பையில் கொண்டுவரும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் குழந்தைக்கு அன்போடு ஊட்டப்படுபவை. டிசம்பரில் மக்தூம் அலி மாஹிமி தர்காவின் உரூஸ் வரும்போது, மும்பை போலீசாரின் சந்தன ஊர்வலத்தோடு தொடங்கும் திருவிழாவில் ராட்டினமும் பொம்மைக்கடையும் தெருவை நிறைக்கும். அங்கே வாங்கும் பீப்பியின் உள்ளே ஒலியெழுப்பும் ஒரு சின்னத் தகடு உண்டு. அது கழன்று மூச்சுக்கிளையில் போய் அமர்ந்தால், குழந்தையின் ஒவ்வொரு மூச்சிலும் மெல்லிய சீழ்க்கை கேட்கும்.

பொருள் குரல்நாண்களுக்கு மேலேயே நின்றுவிட்டால் மகில் இடுக்கி போதும். லாரிங்கோஸ்கோப்பின் வெளிச்சத்தில் பார்த்து, பிடித்து, எடுத்துவிடலாம். நாண்களைத் தாண்டிக் கீழே போய்விட்டால் அதன் நீளமும் வளைவும் உதவா. நேரான, மெலிந்த, ஊசிபோல் நீண்ட வேறோர் இடுக்கி வேண்டும். அந்தப் பரம்பரை 1897-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் தொடங்கியது. மூச்சுக்கிளையில் பன்றி எலும்புத்துண்டு சிக்கிய ஒரு விவசாயிக்கு, உணவுக்குழலைப் பார்க்கும் உலோகக் குழாயையே மூச்சுக்குழலில் இறக்கி, அதன்வழி இடுக்கியை விட்டு எலும்பை எடுத்தார் குஸ்தாவ் கில்லியன். அதுவரை இப்படிச் சிக்கியவர்கள் பலரும் நுரையீரல் சீழ்பிடித்து இறந்தார்கள்.

அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் (1865–1958) இதை ஒரு கலையாக வளர்த்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடுக்கி என்பது அவர் கொள்கை. திறந்த ஊக்கின் கூர்முனையை மூடவும் திருப்பவும் தனிக் கருவிகளை வடித்தார். மனிதத் தொண்டைகளிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,374 பொருள்கள், ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இழுப்பறைகளில் வரிசையாக இருக்கின்றன. நாணயம், பொத்தான், எலும்பு, ஊக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் நடுக்கத்தைச் சொல்பவை. எடுப்பதோடு ஜாக்சன் நிற்கவில்லை. சலவைக்காரத்தை விழுங்கித் தொண்டை வெந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்காமல், புட்டிகளில் நச்சு எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1927-இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது.

ஜாக்சன் காலத்துக் குழாய்க்குள் இடுக்கியை விட்டதும் இடுக்கியே பார்வையை மறைத்தது. 4 மி.மீ. வழிக்குள் கருவியும் கண்ணும் ஒன்றாகப் போக இடமில்லை. மகில் வாயில் தீர்த்த அதே சிக்கலை நெஞ்சுக்குள் தீர்க்க, ஹரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில இயற்பியலாளர் வேண்டியிருந்தது. நீண்ட கண்ணாடித் தண்டுகளை அடுக்கி ஒளியையும் உருவத்தையும் தெளிவாகக் கொண்டுவரும் வில்லையமைப்புக்கு அவர் 1959-இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரில் கார்ல் ஸ்டோர்ஸ் அதைக் கருவியாக்கினார். இடுக்கியின் கைகளுக்கு நடுவிலேயே அந்தத் தொலைநோக்கி பொருந்தியபோது, கடலையும் அதைப் பிடிக்கும் பற்களும் ஒரே சட்டத்தில் தெரியத் தொடங்கின.

கடலை எடுக்கும் அரங்கில் பேச்சு குறைவு. காது-மூக்கு-தொண்டை மருத்துவர் அல்லது குழந்தை அறுவை மருத்துவருக்கும், மயக்கவியல் மருத்துவருக்கும் அங்கே ஒரே வழிதான்: குழந்தையின் மூச்சுக்குழல். ஒருவர் அதன்வழி வேலை செய்கிறார், மற்றவர் அதன்வழியே உயிரைக் காக்கிறார். உலோகக் குழாயின் பக்கவாட்டில் ஆக்சிஜன் இணைப்பு இருக்கிறது. குழந்தையைத் தானாக மூச்சுவிட விடுவதா, மூச்சை நிறுத்தி வெளியிலிருந்து கொடுப்பதா என்பதை முன்கூட்டியே பேசி முடிவெடுத்திருப்பார்கள். திரையில் ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம், அதன் அடியில் இரண்டாகப் பிரியும் கத்திமுனை போன்ற ஓரம், ஒருபக்கக் கிளையில் பழுப்பாக மினுங்கும் ஒரு பருப்பு. நீர் உறிஞ்சி எடுத்து வழி துலங்கிய பிறகு இடுக்கி விரிந்து பருப்பின் இருபுறமும் நுழைகிறது. அழுத்தினால் பருப்பு நொறுங்கும். நொறுங்கினால் துணுக்குகள் இன்னும் சின்னக் கிளைகளுக்குள் போய்விடும். தளர்த்தினால் நழுவும். குரல்நாண்களின் இடுக்கில் வரும்போது நழுவினால் இரண்டு நுரையீரலுக்கும் ஒருசேர வழி அடைபடும். அப்படி நேர்ந்தால் பருப்பை மீண்டும் கீழே ஒரு கிளைக்குள் தள்ளிவிட்டு, மற்ற நுரையீரலால் குழந்தையை மூச்சுவிட வைப்பதே வழி. பெரிய பருப்பு குழாய்க்குள் நுழையாது என்பதால் குழாய், இடுக்கி, பருப்பு மூன்றையும் ஒன்றாகவே வெளியே இழுப்பார்கள். பிறகு குழாயைத் திரும்ப இறக்கி மிச்சம் ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. கடலையின் எண்ணெய் சுவரைப் புண்ணாக்கி வீங்கவைக்கும். பயறும் புளியங்கொட்டையும் ஈரத்தில் ஊதிப் பருக்கும். சீத்தாப்பழக் கொட்டை பாம்புபோல் வழுக்கும். வழவழப்பான மணியைப் பற்களால் பிடிக்கவே முடியாது. இரத்தக்கட்டியை எடுக்க தாமஸ் ஃபோகார்ட்டி வடித்த பலூன் குழாயை அதன் அப்பால் செலுத்தி, ஊதி, பின்னாலிருந்து மெல்ல இழுத்து வருவார்கள். கம்பிக்கூடையால் அள்ளுவதும் உண்டு.

விபத்தின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. புரையேறும், கண் பிதுங்க இருமும், பிறகு இருமல் அடங்கிவிடும். பொருள் ஒரு கிளையில் அமர்ந்துவிட்டதால் வந்த அமைதியை வீடு ‘சரியாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. காற்று உள்ளே போகும், வெளியே வராது. ஒருபக்க நுரையீரல் அளவுமீறி உப்பியிருப்பதுதான் தடயம். சில வாரம் கழித்து விடாத சளி, காய்ச்சல், ஆஸ்துமா என்று வந்து நிற்கும். ‘ஏதாவது தின்றுகொண்டிருக்கும்போது திடீரென இருமிற்றா?’ என்ற ஒரே கேள்விக்குத் தாய் யோசித்துச் சொல்லும் பதில் பல நேரங்களில் படத்தைவிடத் தெளிவானது.

வீட்டுக் கைகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். புரையேறினால் உச்சந்தலையில் தட்டி ‘யாரோ நினைக்கிறாங்க’ என்பது தமிழ் வீட்டு வழக்கம். குழந்தைக்கு அந்தத் தட்டு உதவாது. பலமாக இருமவோ அழவோ முடிகிற குழந்தையை இருமவிட வேண்டும். சத்தமே வராமல் நீலம்பாரிக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை, முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு தட்ட வேண்டும். பிறகு திருப்பி மார்பெலும்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். வயிற்றில் அழுத்தக்கூடாது. வாய்க்குள் குருட்டாம்போக்கில் விரலை விடவே கூடாது. தொண்டையில் நிற்பதை அந்த விரல் குரல்வளைக்குள் அழுத்திவிடும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். குழந்தை நினைவிழந்தால் உடனே மார்பழுத்தலும் மூச்சுக் கொடுத்தலும் தொடங்க வேண்டும். இடுக்கி வளைந்த காரணமும் விரலைத் தடுக்கும் விதியும் ஒன்றே.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘தொக்கம் எடுப்பது’ இன்னும் நடக்கிறது. குழந்தை உண்ணவில்லை என்றால், தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று சொல்லி, குழல் வைத்து ஊதியோ உறிஞ்சியோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுகிறார்கள். உள்ளதைப் பார்க்காமல் செய்யும் வேலை அது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கமும் அப்படியே. நுரையீரலுக்குள் இறங்கிய எண்ணெயை எந்த இடுக்கியாலும் பிடிக்க முடியாது. அது கடும் நிமோனியாவாகும். செய்பவர்களின் பாசத்தில் குறையில்லை. அந்தப் பாசத்தோடு அறிவையும் சேர்த்துக் கொடுப்பது மருத்துவத்தின் கடமை. நான்கைந்து வயது ஆகும்வரை முழுக் கடலை தராமல் பொடித்தோ அரைத்தோ தருவதும், உட்காரவைத்து ஊட்டுவதும் அந்த அறிவில் அடங்கும்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உள்ள நேரம் தெருவின் கையில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். தாராவியின் உள்சந்துகளில் அது நுழையாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடிவர வேண்டும். தாராவிக்கும் பெரிய சயானுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. 1912-இல் கட்டப்பட்ட சயான் மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடியபோது வண்டிகள் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. மாஹிம் பக்கம் ஹிந்துஜா போன்ற தனியார் மருத்துவமனைகளும், பரேலில் 1929 முதல் இயங்கும் வாடியா குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. எங்கே போனாலும் அளவு சரியான குழாயும் இடுக்கியும், அதைப் பிடிக்கப் பழகிய கையும் இருக்கவேண்டும்.

அதனால் கருவியைப் பேணுவதும் சிகிச்சையைச் சேர்ந்ததே. வேலை முடிந்ததும் மூட்டைத் திறந்து, பற்களுக்கிடையில் ஒட்டியதைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஈரத்தை அதிலேயே உலரவிடாமல் துடைத்து, நீராவி அழுத்தத்தில் தூய்மைப்படுத்தி உறையிட வேண்டும். உறையிடும் முன் நுனிகளை வெளிச்சத்தில் மூடிப் பார்ப்பார்கள். இரண்டு வளையங்களும் முழுதாகப் பொருந்த வேண்டும். ஒருபக்கம் சற்றே விலகினால் பருப்பு நழுவும். லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்றும் ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் பார்த்துக் குறித்துவைப்பார்கள். பெரியவர் அளவு, குழந்தை அளவு, சிசு அளவு என மூன்று இடுக்கிகளும் தட்டில் வரிசையாக அதனதன் இடத்தில் இருக்கும்.